லூர்துமேரியின் தூக்குச்சட்டி

முத்துமேட்டில் எட்டு மாடிக் கட்டடங்கள் பதினான்கு இருக்கின்றன. பன்னிரண்டாவது கட்டடத்துக்கும் பதின்மூன்றாவது கட்டடத்துக்கும் நடுவே, முன்பு உடைந்த குழாய்களைக் குவித்து வைத்திருந்த காலி இடத்தில், ஒரே ஒரு சின்ன வீடு நிற்கிறது. பத்தடி நீளம், எட்டடி அகலம். அதில் யாரும் குடியில்லை. அடுப்பு கிடையாது, சிலிண்டர் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. ஆனாலும் தினமும் காலை ஆறேகால் மணிக்கு அந்த வீட்டில் சமையல் முடிந்து ஆவி பறந்துகொண்டிருக்கும்.

இதை முதல்முதலில் பார்த்தவர்கள் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு கரண்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த வீட்டைச் செய்தவள் தமயந்தி என்ற சிற்பி. கல்லையும் மரத்தையும் தொடாமல், மனிதர்கள் புழங்கிய சாமான்களைச் சேர்த்துச் சிலை செய்கிறவள். இரண்டு முன்கைகளிலும் வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள் கடுகு தாளித்துத் தெறித்தது போல இருக்கும். அவள் ஒரு மாசி மாதத்தில், கையில் அனுமதிக் கடிதத்தோடு முத்துமேட்டுக்கு வந்து, லிஃப்ட் ஓடாத கட்டடங்களில் படியேறி, ஓடுகிற கட்டடங்களில் லிஃப்டை நம்பாமல் படியேறி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, "வீடுன்னு சொன்னதும் உங்களுக்கு ஞாபகம் வர்ற பொருள் ஒண்ணு குடுங்க, சிலை செய்யப் போறேன்" என்று கேட்டாள்.

"யாரோட சிலை?" என்று கேட்டார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தணிகாசலம். அவர் முப்பது வருடம் காவலாளியாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்தில் விசில் தொங்கும்.

"யாரோட சிலையும் இல்லீங்க. வீட்டோட சிலை."

"வீட்டுக்கு எதுக்கும்மா சிலை? அதான் பதினாலு நிக்குதே."

ஆனாலும் கொடுத்தார்கள். கதவைப் பாதி திறந்து கேட்டுவிட்டு, உள்ளே போய்ப் பரணில் துழாவி, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துவந்து கொடுத்தார்கள். குண்டான், கிண்ணம், தூக்குச்சட்டி, டிபன் டப்பா, சொம்பு, மூடி இல்லாத சம்புடம் என்று நூற்றுப் பதின்மூன்று பாத்திரங்கள் சேர்ந்தன. எல்லாவற்றிலும், புள்ளி புள்ளியாக, ஒரு பெயர் வெட்டியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முத்துமேட்டுக்காரர்கள் எல்லாரும் பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆற்றங்கரையில், நகரத்தின் நடுவே, குடிசையோடு குடிசை ஒட்டிக்கொண்டு வாழ்ந்தவர்கள். அங்கே ஒரு வீட்டுக் குழம்பு ஒரு வீட்டில் நிற்காது. இந்த வீட்டு மீன் குழம்பு கிண்ணத்தில் அந்த வீட்டுக்குப் போகும். அந்த வீட்டுக்காரி கிண்ணத்தைக் கழுவி, வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால், ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு பச்சை மிளகாயோ, எதுவுமே இல்லாவிட்டால் ஒரு கல் உப்போ போட்டுத் திருப்பி அனுப்புவாள். கரை முழுக்கப் பாத்திரங்கள் இப்படிப் போய் வந்துகொண்டே இருந்தன. திடீரென்று ஒருநாள் குடிசைகளைக் காலி செய்ய லாரிகள் வந்து நின்றன. எந்தப் பாத்திரம் அந்த நேரத்தில் எந்த வீட்டில் இருந்ததோ அந்த வீட்டு மூட்டைக்குள்ளேயே போய்விட்டது. அதன் பிறகு மாற்று வீடு ஒதுக்கக் குலுக்கல் நடந்தது. ஒரே தகரத் தடுப்புக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்களில் ஒருத்திக்கு முத்துமேடும் இன்னொருத்திக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரும் விழுந்தன. முத்துமேட்டில் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தெரியாது. கதவுகள் சாத்தியே இருந்தன. ஆனால் ஒவ்வொரு பரணிலும் அந்த வீட்டுக்குச் சொந்தமில்லாத ஒரு பாத்திரம் மட்டும் இருந்தது. அதில் சமைக்கவும் மனம் வராது, தூக்கிப் போடவும் மனம் வராது.

தமயந்தி பொருள் கேட்டபோது, சொந்தப் பாத்திரத்தைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் அந்தப் பாத்திரத்தைக் கொடுத்தார்கள். அடுத்தவரும் அதையேதான் கொடுக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

நான்காவது கட்டடம், ஆறாவது மாடியில் இருந்த பவுனம்மாள் கொடுத்தது ஒரு தூக்குச்சட்டி. அவள் பேருந்துப் பணிமனையில் பகல் முறையில் பேருந்து கழுவுகிறவள். சட்டியை நீட்டினாளே தவிர, பிடியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"இத வச்சு என்னா பண்ணுவ பாப்பா?"

"அடியில ஓட்டை போட்டு, போல்ட் வச்சு முறுக்கிடுவேன்க்கா."

"ஓட்டையா? ஓட்டை போட்டா அது பாத்திரமா? சல்லடை. குடு, நான் உள்ள போறேன்."

தமயந்தி அவளுடைய விரல்களைப் பார்த்தாள். பிறகு அங்கேயே, சுவரில் சாய்ந்து நின்று, தன் திட்டம் முழுவதையும் மாற்றினாள். எந்தப் பாத்திரத்துக்கும் ஓட்டை இல்லை. ஒவ்வொன்றின் கழுத்துக்கும் ஒரு இரும்பு வளையம். ஆற்றங்கரைக் குடிசையின் அளவிலேயே கம்பிகளால் சட்டம் அடித்து, அலமாரி போலத் தட்டுத் தட்டாக வளையங்களை வைத்து, பாத்திரங்கள் வாய் மேலே பார்த்தபடி நிற்க, நான்கு பக்கமும் பாத்திரச் சுவர் எழுப்பினாள். கூரைக்குச் சாப்பாட்டுத் தட்டுகளை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். மழை பெய்தால் அந்தக் கூரை நூறு பேர் பந்தியில் உட்கார்ந்தது போலச் சத்தம் போடும்.

கடைசியில்தான் அவள் அந்தப் பிழையைச் செய்தாள். கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு கருங்கல் பலகை வைக்க நினைத்து, பெயர்களைத் தனியாகக் கேட்டு எழுதுவானேன், அதான் பாத்திரத்திலேயே இருக்கிறதே என்று, வெட்டியிருந்த நூற்றுப் பதின்மூன்று பெயர்களையும் பார்த்துப் பார்த்து எழுதி, 'இந்த வீட்டைத் தந்தவர்கள்' என்ற தலைப்பின் கீழே செதுக்க வைத்துவிட்டாள்.

திறப்பு விழா அன்று எல்லாரும் பலகையில் தங்கள் பெயரைத் தேடினார்கள். மேலிருந்து கீழே தேடினார்கள், கீழிருந்து மேலே தேடினார்கள்.

"என் பேர் எங்கேம்மா?" என்றாள் ஒன்பதாவது கட்டடத்து ஜெயக்கொடி. கணீரென்ற குரல், மைக் அவளுக்குத் தேவையில்லை.

"நீங்க என்ன குடுத்தீங்க?"

"குண்டான்."

தமயந்தி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "குண்டான்ல ரமீஜா பீன்னுதானே இருந்துச்சு? நீங்க ரமீஜா பீ இல்லையா?"

ஜெயக்கொடி வாயை மூடிக்கொண்டாள். அது அபூர்வம். பிறகு மெதுவாக, "ரமீஜா என் பக்கத்து வூட்டுக்காரம்மா. தால்ச்சா குடுத்துச்சு. குண்டான் எங்கிட்டயே தங்கிடுச்சு" என்றாள்.

"எங்கிட்டயும் அப்படித்தான்" என்றார் தணிகாசலம், விசிலைப் பார்த்துக்கொண்டு. "என் பாத்திரம் காசியப்பனோடது."

ஒருவர் சொன்னதும் மற்றவரும் சொன்னார்கள். விழாவுக்கு வந்திருந்த அதிகாரி கத்தரிக்கோலோடு ரிப்பன் முன்னால் நின்றபடியே இருக்க, யார் யாருடைய பாத்திரத்தை வைத்திருந்தார்கள், அதில் என்ன வந்தது, அந்தக் கை எப்படிச் சமைக்கும் என்று நூற்றுப் பதின்மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முதல்முறையாகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பலகையை மாற்றித் தருகிறேன் என்றாள் தமயந்தி, கண் கலங்கி. வேண்டாம் என்றார்கள். இந்த வீட்டைத் தந்தவர்கள் அவர்கள்தானே, சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு ரமீஜா பீயின் குண்டானில் ஒரு கரண்டி தால்ச்சா இருந்தது. காசியப்பனின் கிண்ணத்தில் கத்தரிக்காய் கொத்சு இருந்தது. கேழ்வரகுக் கூழ் இருந்தது, எலுமிச்சை சாதம் இருந்தது, நெத்திலிக் குழம்பு இருந்தது, ஒரு சம்புடத்தில் மூன்று இட்லியும் மிளகாய்ப் பொடியும் இருந்தன. எண்பத்தாறு பாத்திரங்கள் நிறைந்திருந்தன. இருபத்தேழு காலியாக இருந்தன.

ஜெயக்கொடி விரலால் தொட்டு நக்கினாள். "ரமீஜாதான். பூண்டை நசுக்காம போடுற கை இந்த ஊர்லயே ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு முத்துமேட்டில் நடந்ததெல்லாம் ஒழுங்குபடுத்துகிற வேலைதான். பாத்திரத்தைக் கொடுத்தவர்தான் அதிலிருந்து எடுக்க வேண்டும், எடுத்ததை நின்ற இடத்திலேயே அக்கம்பக்கத்தாரோடு பகிர வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட்டது. வரிசை கலைந்தால் தணிகாசலம் விசில் ஊதினார். சிலைக்குள் உணவு இருந்தால் அது எந்தத் துறையின் கீழ் வரும் என்று இரண்டு அலுவலகங்களுக்கு இடையே கடிதங்கள் போய் வந்தன. உணவைப் பரிசோதிக்கிற அலுவலர் ஒருவர் வந்து பதினாறு புட்டிகளில் மாதிரி எடுத்துப்போய், பத்து நாள் கழித்து, தீங்கு எதுவும் இல்லை, ஐந்தாவது புட்டியில் மட்டும் புளி சற்று அதிகம் என்று எழுதி அனுப்பினார். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், இரவுப் பணி முடிந்து திரும்புகிறவர்கள் எல்லாரும் காலை ஆறேகாலிலிருந்து ஏழு வரை அந்த வீட்டைச் சுற்றி நின்றார்கள். நின்றால் பேச வேண்டியிருந்தது. பேசினால் பெயர் கேட்க வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம், பேருந்திலிருந்து கோபமாக ஒரு பெண் இறங்கி, பன்னிரண்டாவது கட்டடம் எது என்று கேட்டுக்கொண்டு வேகமாக வந்தாள்.

"யாருடி அது, தினம் என் சட்டியில ஒரு கரண்டி எடுக்கிறது?"

"ரமீஜாக்கா!" என்று கத்தினாள் ஜெயக்கொடி.

"அக்கான்னு வேற கூப்புடுறியா? இருபது நாளா என் மருமவள சந்தேகப்பட்டேன்டி. பூனைய சந்தேகப்பட்டேன். இறக்கி வச்ச குழம்பு, திரும்பிப் பாக்கறதுக்குள்ள ஒரு கரண்டி கம்மி. பேப்பர்ல படம் போட்டிருந்தான், என் பேரு வெட்டின குண்டான் கம்பிக்குள்ள நிக்குது. அப்பதான் புரிஞ்சுது, இது உன் வேலைதான்னு."

"குண்டான எடுத்துக்கோக்கா."

ரமீஜா பீ சுவரைப் பார்த்தாள், குண்டானைப் பார்த்தாள், அதைச் சுற்றிக் கிண்ணத்தோடு நின்றிருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். "இருக்கட்டும் வுடு" என்றாள். "பக்கத்து வூட்டுல நீ இருந்திருந்தா அந்த ஒரு கரண்டி உனக்குத்தானே வந்திருக்கும்?" பிறகு, "நாளையிலேந்து ஒரு ஆழாக்கு பருப்பு சேத்தே போடுறேன்" என்றாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். பூனையிடம் மட்டும் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்படித்தான் வழி புரிந்தது. பெயர் யாருடையதோ, அவருடைய அடுப்பிலிருந்து ஒரு கரண்டி வருகிறது. அவர் எந்த ஊரில் இருந்தாலும் வருகிறது. வாங்கியவர்கள் பாத்திரத்தைக் கழுவி, பழைய வழக்கப்படி ஒரு பிடி சர்க்கரையோ ஒரு வாழைப்பழமோ வைத்தால், கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போய், அங்கே அந்த அடுப்பு மேடையில் இருக்கிறது. போன் எண்கள் கிடைத்தன. "செவ்வாக்கிழமை கருவாடு வேணாம்க்கா, வீட்ல விரதம்" என்று சொல்லுகிற அளவுக்கு நெருக்கம் திரும்பியது.

காலியாக நின்ற இருபத்தேழு பாத்திரங்களுக்கும் மெல்ல மெல்லத் தகவல் வந்தது. இன்னார் போன வருடம் தவறிவிட்டார். இன்னார் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. அந்தப் பாத்திரங்களில் பிரியமுள்ளவர்கள் சோறு வைத்துப் பார்த்தார்கள். சோறு அசையாமல் அப்படியே இருந்து, மாலையில் புளித்தது. அதற்குப் பிறகு அவற்றில் ஒரு சாமந்திப் பூ வைக்க ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லாமலே அது வழக்கமானது. சித்திரை முடிவதற்குள் இருபத்தாறு பாத்திரங்களில் பூ இருந்தது.

மிச்சம் ஒன்று. 'சூ. லூர்துமேரி' என்று பெயர் வெட்டிய தூக்குச்சட்டி. பவுனம்மாள் கொடுத்தது.

பவுனம்மாளுக்கும் லூர்துமேரிக்கும் நடுவே ஆற்றங்கரையில் இருந்தது ஒரே ஒரு தகரம். பவுனம்மாள் கணவனை இழந்து, ஐந்து வயது மகள் அஞ்சுகத்தோடு இருந்தபோது காசநோய் வந்தது. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஊருக்கு மறுகோடியில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போக அவள் எழுந்தபோது, லூர்துமேரி தகரத்தைத் தட்டி, "பாப்பாவ இந்தப் பக்கம் தள்ளு. நீ போயி உடம்பப் பாரு" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. நூற்றுப் பதினொரு நாள் அஞ்சுகம் அந்தப் பக்கம் சாப்பிட்டாள், அந்தப் பக்கம் தூங்கினாள். நூற்றுப் பன்னிரண்டாவது நாள் லாரி வந்தது. லூர்துமேரி தூக்குச்சட்டியில் சோறு கட்டி, பிள்ளையின் கையில் கொடுத்து, பவுனம்மாளின் அண்ணனோடு அனுப்பி வைத்தாள். இரண்டு வாரம் கழித்துப் பவுனம்மாள் குணமாகி வந்தபோது கரையில் வேலி மட்டும் இருந்தது. லூர்துமேரிக்கு எந்த ஊர்ச் சீட்டு விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

பவுனம்மாள் நன்றி என்ற சொல்லைக்கூடச் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை.

பதினோரு வருடமாக அவள் தேடினாள். பேருந்து கழுவும்போது, வெளியூர் போகிற ஒவ்வொரு நடத்துநரிடமும், "லூர்துமேரின்னு, நெத்தியில தழும்பு இருக்கும், சத்தமா பேசுவாங்க" என்று சொல்லி அனுப்பினாள். ஆனால் தேடுவதைவிட அதிகமாக அவள் யோசித்தது வேறொன்றை. கண்டுபிடித்தால் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறுமனே கொடுக்க முடியாது. என்ன போட்டுக் கொடுப்பது? ஒருமுறை இரண்டு கிலோ சர்க்கரை வாங்கினாள். போதாது என்று தோன்றியது. ஒருமுறை பட்டுப்புடவை விலை கேட்டாள். அதுவும் போதாது என்று தோன்றியது. நூற்றுப் பதினொரு நாளுக்கு ஈடாக எதை வைத்தாலும், அந்தச் சின்னச் சட்டி பெரிதாகிப் பெரிதாகி, வைத்த பொருள் அடியில் எங்கேயோ கிடந்தது.

இப்போது அந்தச் சட்டி ஊர் நடுவே, எல்லாரும் பார்க்க, காலியாக நின்றது.

"ஒரு வாய் ஏதாவது வச்சுப் பாரும்மா" என்றாள் அஞ்சுகம். அவளுக்கு இப்போது பதினாறு வயது. "போச்சுன்னா இருக்காங்கன்னு அர்த்தம். பெரிம்மா எனக்கு எவ்ளோ ஊட்டி வுட்டாங்க. நான் வைக்கட்டுமா?"

"வேணாம்."

"ஏன்?"

"என்னத்த வைக்கிறது?" என்றாள் பவுனம்மாள்.

அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். வைத்து, அது போகாமல் இருந்துவிட்டால்? மாலைவரை இருந்து புளித்துவிட்டால்? வைக்காதவரை லூர்துமேரி எங்கோ இருக்கிறாள். அதனால் அவள் தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் அந்த வீட்டு முன்னால் நின்று, சட்டியைப் பார்த்து, துணியால் துடைத்து, எதுவும் வைக்காமல் போனாள்.

அஞ்சுகம் சாப்பிடும்போது சில சமயம் சொல்வாள்: "லூர்து பெரிம்மா உப்புமா செஞ்சா வேர்க்கடலை நிறைய இருக்கும். யார் வூட்டு உப்புமால கடலை இல்லன்னாலும் திட்டும். 'கடலை போடாத உப்புமாவ உப்புமான்னு யாரு சொன்னது, பசை காச்சி வச்சிருக்காளுங்க'ன்னு." அதைச் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

வைகாசி மாதம் ஒரு திங்கட்கிழமை. பவுனம்மாள் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. அவசரமாக ரவையைக் கிளறி டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடி வந்தவள், வழக்கம் போல அந்த வீட்டு முன்னால் நின்றாள். தூக்குச்சட்டிக்குள் ஒரு சாமந்திப் பூ இருந்தது.

"யாரு வச்சது இத?" அவள் குரலுக்கு வரிசை திரும்பிப் பார்த்தது.

ஜெயக்கொடி, அவளுக்கே உரிய குரலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, "நான்தான். எல்லாத்துலயும் இருக்குது, இது மட்டும் வெறுமன இருக்குதேன்னு வச்சேன் பவுனு. கெட்ட எண்ணம் இல்ல" என்றாள்.

"எங்க லூர்தக்கா சாகல."

"சரி, சாகல. அப்ப ஏன் வரல?"

அன்று மகளைப் பார்க்க வந்தது போலச் சாவகாசமாக வந்து நின்றிருந்த ரமீஜா பீதான் பதில் சொன்னாள். "அடுப்பு இருந்தாத்தானே வரும்? மவன் வூட்லயோ, முதியோர் ஹோம்லயோ, யாராவது போடுறத தின்னுட்டு இருந்தா, கரண்டி எங்கேந்து வரும்?"

பவுனம்மாள் அவளைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள், சட்டியில் ஏதாவது வருமா, வைத்தது போகுமா, ஈடாக எது போதும் என்பதைப் பற்றித்தான் யோசித்திருந்தாள். லூர்துமேரி பசியோடு இருக்கலாம் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அவள் பூவை எடுத்து வெளியே போட்டாள். பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். அதில் இருந்தது அவளுடைய மதியச் சாப்பாடு; ரவை உப்புமா; கொஞ்சம் அடி பிடித்த உப்புமா; அவசரத்தில் கறிவேப்பிலைகூடப் போடவில்லை. பதினோரு வருடம் பட்டுப்புடவையையும் சர்க்கரையையும் யோசித்தவள், அதை அப்படியே தூக்குச்சட்டியில் கவிழ்த்தாள்.

கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்து நின்றிருந்தது, ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

"காக்கா தின்னும்" என்றார் வரிசையில் ஒருவர்.

"திங்காது. நான் நிக்கிறேன்" என்றாள் ஜெயக்கொடி. தன் வீட்டைச் சாத்திவிட்டு, ஒரு துடைப்பத்தை எடுத்துவந்து, அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பவுனம்மாள் அன்று பதினெட்டுப் பேருந்துகளைக் கழுவினாள். ஒவ்வொரு பேருந்தின் வயிற்றிலும் தண்ணீரை அடித்துக்கொண்டே, புளித்திருக்குமோ, புளித்திருக்குமோ என்று நினைத்தாள். மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவளிடம் சாப்பாடு இல்லை. அந்தப் பசி அவளுக்குப் பிடித்திருந்தது. நூற்றுப் பதினொரு நாளில் லூர்துமேரி எத்தனை நாள் இப்படி இருந்திருப்பாள் என்று அவள் முதல்முறையாக எண்ணிப் பார்த்தாள். ஒருத்திக்கு வந்த அரிசியில்தானே இரண்டு பேர் சாப்பிட்டார்கள்.

ஐந்து மணிக்கு முத்துமேட்டில் இறங்கியபோது அந்த வீட்டைச் சுற்றி ஒரே கூட்டம். தணிகாசலம் விசிலை வாயில் வைத்திருந்தார், ஊதவில்லை. ஜெயக்கொடி துடைப்பத்தோடு அப்படியே நின்றிருந்தாள்.

"காக்கா வரல" என்றாள் ஜெயக்கொடி. "ஈகூட வரல. நான் கண்ணக் கொட்டினேன் பவுனு, ஒரே ஒரு வாட்டி."

கூட்டம் வழி விட்டது. அஞ்சுகம் சட்டிக்கு முன்னால் நின்று, அம்மாவுக்காகக் காத்திருந்தாள். உள்ளே பார்க்காமலே நின்றிருந்தாள். இருவரும் சேர்ந்து எட்டிப் பார்த்தார்கள்.

உப்புமா இல்லை. ஒரு பருக்கைகூட இல்லை. சட்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அதன் அடியில் நான்கு வறுத்த வேர்க்கடலைகள் இருந்தன.

பவுனம்மாள் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியிலோ ஹோமிலோ மகன் வீட்டிலோ, யாரோ சாயங்காலம் ஒரு கைப்பிடி கடலை கொடுத்திருக்க வேண்டும். அதிலிருந்து நான்கை எடுத்து வைத்திருக்கிறாள். பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது என்பதற்காக.

"அம்மா" என்றாள் அஞ்சுகம். அவளுடைய உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். "உப்புமால கடலை போட்டியா?"

"இல்லடி. நேரமில்ல."

"அதான். அதான் அனுப்பிச்சிருக்கு. திட்டுது."

பவுனம்மாள் பதினோரு வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடியும் சிரித்தாள். ஜெயக்கொடிக்கு விஷயத்தை அஞ்சுகம் சொன்னாள், ஜெயக்கொடி தன் முழுக் குரலில் கூட்டத்துக்குச் சொன்னாள், "பசை காச்சி வச்சிருக்காளுங்களாம்!" என்று பதினான்கு கட்டடமும் சிரித்தது. தணிகாசலம் அப்போதுதான் விசிலை ஊதினார், எதற்கென்று அவருக்கே தெரியாது. நான்கு கடலையில் ஒன்றைப் பவுனம்மாள் தின்றாள், ஒன்றை மகளுக்குக் கொடுத்தாள், ஒன்றை ஜெயக்கொடிக்குக் கொடுத்தாள். ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் பவுனம்மாள் நேரத்தோடு எழுந்தாள். "இன்னைக்கும் உப்புமாவா?" என்றாள் அஞ்சுகம். "இன்னைக்கும் உப்புமாதான்" என்றாள் அவள். இரண்டு கைப்பிடி கடலையை எண்ணெயில் வறுத்து, பொன்னிறமாகிற வரை பக்கத்திலேயே நின்று, பிறகு ரவையைக் கொட்டினாள்.

இப்போதும் ஒவ்வொரு நடத்துநரிடமும் அவள் விசாரிக்கிறாள். கேட்கிற விதம்தான் மாறியிருக்கிறது. "தினம் காலையில யார் வச்சாங்கன்னே தெரியாம சூடா உப்புமா வருதாம், அதுலயும் குறை சொல்லுவாங்களாம், அப்படி யாராவது எந்த ஹோம்லயாவது இருக்காங்களான்னு பாருங்கண்ணே" என்கிறாள். இரண்டு பேர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தூக்குச்சட்டி இன்னும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. காலையில் அந்தப் பக்கம் போகிறது, மாலையில் இந்தப் பக்கம் வருகிறது; ஒருநாள் கூட வெறுமனே வந்ததில்லை.